குண்டு விழும்போது தூரிகை எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கலை பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். பெரும்பாலான கடிதங்களில் ஒரே குறைதான்: உலகம் எரிந்துகொண்டிருக்கும்போது இந்தக் கலைஞர்கள் செய்வதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? சில கடிதங்களில் கோபமும் இருந்தது. அதுவும் நியாயமான கோபம்தான்.

கேள்வி: போரை எதிர்த்து எத்தனையோ ஓவியங்கள் வந்துவிட்டன. ஒரு போராவது நின்றதா? பிறகு ஏன் வரைகிறார்கள்?

நிற்கவில்லை. இதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் குவெர்னிகா ஊர்மீது ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டன. பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு ஒரு பெரிய ஓவியம் தருவதாக ஏற்கெனவே ஒத்துக்கொண்டு, எதை வரைவதென்று பிடிபடாமல் இருந்த பிக்காசோ, அந்தச் செய்தி வந்த சில நாட்களில் வேலையைத் தொடங்கி, ஏறக்குறைய ஐந்து வாரத்தில் எட்டு மீட்டருக்குச் சற்றே குறைந்த அகலத்தில் படத்தை முடித்தார். படம் நாடு நாடாகப் போனது, கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். ஆனால் அந்த விமானங்கள் யாருக்காகக் குண்டு போட்டனவோ அந்த பிராங்கோதான் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் 1939இல் வென்றார், 1975இல் சாகும்வரை ஆண்டார்.

அதோடு கதை முடியவில்லை. ஐநா பாதுகாப்பு அவையின் வாசலில் அந்த ஓவியத்தின் நெசவுப் பிரதி ஒன்று தொங்கியது. 2003 பிப்ரவரியில் ஈராக் போருக்கு ஆதரவு கேட்டு அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அங்கே வந்தபோது அதன்மேல் நீலத் திரையைப் போட்டு மூடினார்கள். கேமராவுக்குப் பின்னணி சரியாக அமையாது என்று காரணம் சொன்னார்கள். வரைந்து 66 வருடமான ஒரு படம், அதுவும் அதன் நகல், போர் பற்றிப் பேச வருபவர்களின் முதுகுக்குப் பின்னால் தெரியக்கூடாது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது பாருங்கள். பயனே இல்லாத பொருளை யாரும் திரை போட்டு மறைப்பதில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும், கம்போடியாவின் வான் நாத். 1970களில் அந்த நாட்டை ஆண்ட கெமர் ரூஜ் ஆட்சியில் எஸ்-21 என்ற சிறையில் அடைபட்டவர். அங்கே போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை, பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். ஓவியம் வரையத் தெரியும் என்பதால் ஆட்சித் தலைவர் பொல் பொட்டின் உருவங்களைச் செய்ய இவரை உயிரோடு விட்டுவைத்தார்கள். ஆட்சி விழுந்தபின் அந்தச் சிறைக்குள் நடந்ததை, சித்திரவதைகள் உட்பட, ஒவ்வொன்றாக வரைந்தார். சிறை அருங்காட்சியகமானது, படங்கள் அங்கேயே மாட்டப்பட்டன. 2009இல் அந்தச் சிறையின் தலைவர் மீதான விசாரணையில் நேரில் வந்து சாட்சியும் சொன்னார். 2011இல் இறந்தார். கொலைகளை அவரால் தடுக்க முடியவில்லை. ஆனால் “அப்படியெல்லாம் நடக்கவில்லை” என்று சொல்ல நினைப்பவர்களுக்கு அவர் பெரிய இடைஞ்சலாக இருந்தார், இப்போதும் இருக்கிறார். இந்த வேலைக்காகத்தான் வரைகிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: முன்பெல்லாம் போர் ஓவியத்தில் மனிதர்கள் இருந்தார்கள், பார்த்தவுடன் புரிந்தது. இப்போது நாற்காலி, இரும்புக் கம்பி, தகர டப்பா! இதையெல்லாம் கலை என்று எப்படி ஏற்றுக்கொள்வது?

உங்கள் எரிச்சல் புரிகிறது. சும்மா ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரில் பெரிய விளக்கக் கட்டுரை ஒட்டும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களை விடுங்கள். நல்லவர்கள் ஏன் பொருளைத் தேடிப் போனார்கள் என்று பார்ப்போம்.

கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சல்சேடோ. 1985 நவம்பர் 6ஆம் தேதி பொகோட்டாவிலுள்ள நீதி மாளிகையைக் கெரில்லாக்கள் பிடித்தார்கள், ராணுவம் பீரங்கி வண்டிகளோடு உள்ளே புகுந்தது, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் உட்படச் சுமார் நூறு பேர் செத்தார்கள். சரியாக 17 வருடம் கழித்து 2002இல், முதல் உயிர் போன அதே நேரத்தில் தொடங்கி, புதிதாகக் கட்டப்பட்ட நீதி மாளிகையின் கூரையிலிருந்து சுவரை ஒட்டிக் காலி நாற்காலிகளை மெல்ல மெல்ல இறக்கினார் சல்சேடோ. 53 மணி நேரம், 280 நாற்காலிகள். அறிவிப்பு, மேடை, பேச்சு எதுவும் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான். செத்தவர்களின் முகங்களை வரைந்திருந்தால் “பாவம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தொங்கும் காலி நாற்காலியைப் பார்த்தவன், அதில் யார் உட்கார்ந்திருந்தார் என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

அப்புறம் அவரே 2018இல் செய்த வேலை இன்னும் ஒரு படி மேலே. கொலம்பிய அரசோடு செய்த சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு ஃபார்க் என்ற அமைப்பின் கெரில்லாக்கள் ஒப்படைத்த ஆயுதங்களில் 37 டன்னை உருக்கித் தரை ஓடுகளாக வார்த்தார். அந்த ஓடுகளுக்கான அச்சை அடித்து உருவாக்கியவர்கள், போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள். தங்கள் கையால் சுத்தியல் பிடித்து உலோகத் தகட்டை அடித்தார்கள், அந்த மேடுபள்ளம் அப்படியே ஓட்டில் இருக்கிறது. நினைவுச்சின்னம் என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்ற வழக்கத்தையே அவர் கைவிட்டுவிட்டார். அந்த ஓடுகள் பதித்த இடத்துக்குப் போனால் துப்பாக்கிகள் மேல் நடக்கிறீர்கள்.

கம்பி என்று நீங்கள் சொன்னது சீனக் கலைஞர் அய் வெய்வெய்யைத்தான் என்று நினைக்கிறேன். 2008 மே மாதம் சீனாவின் சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் சரிந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் செத்தார்கள். கட்டுமானத்தில் ஊழல் என்று பெற்றோர் கதறினார்கள், அரசு பெயர்ப் பட்டியலையே தரவில்லை. அவர் தொண்டர்களைத் திரட்டி வீடு வீடாக அனுப்பி 5,000க்கும் மேற்பட்ட பெயர்களைச் சேர்த்தார். இடிபாடுகளில் முறுக்கிக் கிடந்த கட்டுமானக் கம்பிகளைச் சுமார் 150 டன் வாங்கி, ஒவ்வொன்றையும் ஆட்களை வைத்துக் கையால் அடித்து நேராக்கி அடுக்கினார். 2011இல் அரசு அவரை 81 நாள் பிடித்துவைத்திருந்தபோதும் பட்டறையில் அந்த வேலை நிற்கவில்லை. கம்பியை நேராக்கி என்ன பயன் என்றால், அந்தக் கம்பிதான் தடயம். ஓவியம் வரைந்திருந்தால் அது அவருடைய கற்பனை என்று சொல்லிவிடலாம், கம்பியை அப்படிச் சொல்ல முடியாது.

தகர டப்பாவுக்கும் இதே மாதிரி ஒரு காரணம் இருக்கிறது. ஈராக்கிய வேர் கொண்ட அமெரிக்கக் கலைஞர் மைக்கேல் ராக்கோவிட்ஸ், ஈராக்கின் பழைய நினிவே நகர வாசலில் நின்றிருந்த, 2015இல் ஐஎஸ் தீவிரவாத அமைப்பினர் உடைத்த சிறகுள்ள காளைச் சிலையை, 10,500 பேரீச்சம்பழப் பாகு டப்பாக்களால் திரும்பச் செய்து 2018இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறுத்தினார். ஈராக்கின் பேரீச்சந்தோப்புகள் அடுத்தடுத்த போர்களில் அழிந்தவை, அந்த ஏற்றுமதித் தொழிலும் கூடவே சாய்ந்தது. சிலை, மரம், பிழைப்பு மூன்றும் போன கதையை அந்த டப்பா சொல்கிறது. போரும் இயற்கை அழிவும் தனித்தனி விஷயங்கள் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு படைப்பைப் பார்த்தால் போதும்.

பாலஸ்தீன ஓவியர் சுலைமான் மன்சூரும் நண்பர்களும் முதல் இன்டிஃபாடா என்ற பாலஸ்தீன மக்கள் எழுச்சியின்போது இஸ்ரேல் வழியாக வரும் வண்ணங்களை வாங்க மாட்டோம் என்று முடிவெடுத்து மண், மருதாணி, தோல், மரம் என்று கைக்குக் கிடைத்ததில் வேலை செய்தார்கள். மண் காய்ந்து வெடித்தது. அந்த வெடிப்பையே அவர் படத்தின் பகுதியாக்கிக்கொண்டார். புறக்கணிப்பு என்று தொடங்கியது புது மொழியாகிவிட்டது.

கேள்வி: அடுத்தவர் துயரத்தை எடுத்துப் படைப்பாக்கிப் பேரும் பணமும் சம்பாதிக்கிறார்களே, இதற்கு யார் உரிமை கொடுத்தது?

வந்ததிலேயே கனமான கேள்வி இதுதான், என்னிடம் இதற்குச் சட்டப்புத்தகம் எதுவும் இல்லை. நடந்தவற்றை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன்.

1955இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் அடித்துக் கொன்றார்கள். அவன் தாய், “என் மகனுக்குச் செய்ததை எல்லோரும் பார்க்கட்டும்” என்று சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார், புகைப்படம் எடுக்கவும் விட்டார். 2017இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகக் கண்காட்சியில் டானா ஷூட்ஸ் என்ற வெள்ளை இன ஓவியர் அந்த முகத்தைத் தன் பாணியில் வரைந்து வைத்தார். ஒரு கறுப்பினக் கலைஞர் படத்துக்கு முன்னால் வந்து மறைத்து நின்றார். படத்தை அழிக்க வேண்டும் என்று கூடக் கடிதம் எழுதினார்கள். அழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த முகத்தைக் காட்டுவது என்று முடிவெடுத்தவர் தாய், எதற்காக என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதன்மேல் இன்னொருவர் தன் தூரிகைத் திறமையைப் பூசும்போது தாயின் முடிவு பின்னால் போய்விடுகிறது.

மேலே பாராட்டிய அய் வெய்வெய்யையே இங்கே குறை சொல்லவும் வேண்டியிருக்கிறது. துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த சிரியக் குழந்தையின் படம் 2015இல் உலகத்தையே உலுக்கியது இல்லையா, அடுத்த வருடம் இவர் கிரேக்கத் தீவின் கரையில் அதே மாதிரி குப்புறப் படுத்துப் படம் எடுத்துக்கொண்டார். அகதிகள்மேல் அவருக்கு உள்ள அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கம்பி வேலையில் வருடக்கணக்கான உழைப்பு இருந்தது, பெற்றோர் வீட்டுப் படி ஏறிய கால்கள் இருந்தன. இதில் ஒரு நிமிடம்தான் இருந்தது, அந்த நிமிடத்திலும் நடுவில் இருந்தது அவர் உடம்பு. ஒரே மனிதரின் இரண்டு வேலைகளில் ஒன்றை நான் தலைமேல் வைத்துக் கொண்டாடுவேன், மற்றதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சிலியில் பிறந்த கலைஞர் அல்ஃப்ரெடோ ஜார் வேறு வழியில் போனார். 1994இல் ருவாண்டா இனப்படுகொலை முடிந்த கொஞ்ச நாளில் அங்கே போய் ஆயிரக்கணக்கில் படமெடுத்தார். திரும்பி வந்து 1995இல் கண்காட்சி வைத்தபோது ஒரு புகைப்படத்தைக் கூடக் காட்டவில்லை. எல்லாவற்றையும் கறுப்புப் பெட்டிகளில் மூடி, உள்ளே இருப்பது என்ன என்பதை மூடியில் எழுத்தாக மட்டும் அச்சிட்டுக் கல்லறைகள் போல அடுக்கிவிட்டார். உலகப் பத்திரிகைகளில் பிணங்களின் படம் ஏற்கெனவே வந்தும் யாரும் அசையவில்லையே, இன்னும் நான்கு படம் காட்டி என்ன ஆகப்போகிறது என்பது அவர் பக்கத்து வாதம். நீங்கள் நின்று வாசித்தாக வேண்டும். செத்தவர்களின் மானமும் காப்பாற்றப்படுகிறது.

இலங்கைப் போர் பற்றிய வேலைகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன் 2011இல் செய்த ‘முடிவுறாத் தோம்பு’ வேலை. ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேட்டுக்குத்தான் தோம்பு என்று பெயர். போரில் வீடு இழந்து இடம்பெயர்ந்த தமிழர், முஸ்லிம் மக்களிடம் போய், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எந்தப் பக்கம் என்று அவரவர் கையால், கோணல்மாணலாக. அந்தக் கோட்டை வைத்துக் கட்டடக் கலைஞர் போடும் முறையான வரைபடம், அதற்குப் பக்கத்தில் சனாதனனின் சொந்த ஓவியம். இப்படி 80 வீடுகள், அலுவலகக் கோப்பு மாதிரி ஒரு தொகுப்பாக. இதில் இழந்தவர்தான் முதல் ஓவியர், கலைஞர் அவருக்குப் பின்னால் வருகிறார். உரிமை யார் கொடுத்தது என்று கேட்டீர்களே, இங்கே கொடுத்தவரின் கைக்கோடே காகிதத்தில் இருக்கிறது.

எனவே நான் பார்ப்பது மூன்று: எவ்வளவு காலம் கூட இருந்தார், பாதிக்கப்பட்டவருக்கு அந்த வேலையில் என்ன இடம், கிடைத்த பணம் எங்கே போனது. கடைசியானதுக்கு ஒரு நல்ல உதாரணம் உக்ரைன் கலைஞர் ஸன்னா கதீரோவா. 2022இல் கீவிலிருந்து தப்பி மேற்கே ஒரு மலைக்கிராமத்துக்குப் போனவர், ஆற்றில் உருண்டு வழவழப்பான கற்களை எடுத்து ரொட்டி போலவே துண்டுபோட்டு விற்று, வந்ததை ஊரில் இருப்பவர்களுக்கும் போராடுபவர்களுக்கும் அனுப்பினார்.

கேள்வி: கிரீன்லாந்திலிருந்து பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து நகர நடுவில் உருக விட்டார்களாமே. சூழலைக் காப்பாற்றுகிறேன் என்று சூழலைக் கெடுப்பது என்ன நியாயம்?

கலைஞர் ஒலாஃபர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் செய்தது அது. 2014இல் கோபன்ஹேகன், 2015இல் காலநிலை மாநாட்டுச் சமயத்தில் பாரிஸ், 2018இல் லண்டன். பனிப்பாறையை வெட்டவில்லை, ஏற்கெனவே உடைந்து கடலில் மிதந்த துண்டுகளைத்தான் எடுத்தார்கள். எவ்வளவு கார்பன் செலவானது என்ற கணக்கையும் வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு மதிப்பெண் உண்டு. குழந்தைகள் கட்டிப்பிடித்துப் பார்த்தார்கள், காது வைத்துக் கேட்டார்கள், வரைபடத்தில் தெரியாதது கையில் தெரிந்தது. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. கட்டி உருகி முடிந்ததும் வந்தவர் வீட்டுக்குப் போய்விடலாம், அவர்மேல் எந்தப் பொறுப்பும் விழவில்லை.

எனக்குப் பிடித்தது கலைஞர் ஜோசப் பாய்ஸ் 1982இல் ஜெர்மனியின் காசல் நகரில் தொடங்கியது. அருங்காட்சியகத்துக்கு முன்னால் 7,000 பசால்ட் எரிமலைக் கற்களைக் கொட்டிவிட்டார். ஒரு மரம் நட்டால் அதன் பக்கத்தில் நட ஒரு கல்லை எடுக்கலாம், மரம் நடாமல் கல்குவியல் குறையாது. ஊர்க்காரர்களுக்குக் குவியலைப் பார்த்து ஒரே கோபம். பாய்ஸ் 1986இல் இறந்துவிட்டார், கடைசி மரத்தை 1987இல் அவர் மகன் நட்டார். அதே வழியில் ஆக்னஸ் டெனெஸ் பின்லாந்தில் சுரங்க மண் கிடந்த இடத்தில் குன்று எழுப்பி, 1992 முதல் 1996 வரை 11,000 மரங்களை 11,000 பேரைக் கொண்டு நட வைத்தார். நட்டவருக்கு ஒரு சான்றிதழ் தரப்பட்டது, அது 400 ஆண்டுகளுக்கு வாரிசுகளுக்குப் போகும். பார்வையாளர் என்ற ஆளே இதில் கிடையாது. எல்லோரும் கடன்பட்டவர்கள்.

கேள்வி: இனி போர்ப் படங்களையும் ஏஐ வரைந்துவிடுமே?

வரைந்தேவிட்டது. 2024 மே மாதம் காசாவின் ராஃபா நகர் பற்றிய ஒரு ஏஐ படத்தை இன்ஸ்டாகிராமில் நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பகிர்ந்தார்கள். வரிசை வரிசையாகச் சுத்தமான கூடாரங்கள், ரத்தம் இல்லை, முகம் இல்லை. பகிர்ந்தவர்களின் மனதை நான் குறை சொல்ல மாட்டேன், ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு அது. ஆனால் அதே சமயத்தில் காசாவின் புகைப்படக்காரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்த நிஜப் படங்கள் கிடந்தன. அவற்றைப் பார்க்கச் சங்கடமாக இருப்பதால்தானே இது இவ்வளவு சுலபமாகப் பரவியது?

கேள்வி: எல்லாக் கலைஞரும் அரசியல் பேசியே ஆக வேண்டுமா?

வேண்டாம். இத்தாலிய ஓவியர் மொராண்டி இரண்டு உலகப் போர்களையும் பார்த்தவர், வாழ்க்கை முழுக்கப் புட்டிகளையும் குவளைகளையும் வரைந்தார். அவை எனக்கு வேண்டும். கட்டாயத்தில் வரும் போர் ஓவியத்தைப் போலப் பொய்யானது வேறில்லை.

கேள்வி: போராட்டக் கலையைக் கடைசியில் பணக்காரர்களின் அருங்காட்சியகம்தானே வாங்கி மாட்டுகிறது?

ஆமாம். அதனால் சிலர் அங்கேயே சண்டை போடுகிறார்கள். வலி நிவாரணி மாத்திரைக்கு அடிமையாகி மீண்ட புகைப்படக் கலைஞர் நேன் கோல்டின், அந்த மாத்திரையை விற்ற நிறுவனத்தின் சொந்தக்காரர்களான சாக்லர் குடும்பத்தின் நன்கொடைக்கு எதிராக 2018இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குள்ளேயே மருந்துப் புட்டிகளை வீசிப் போராடினார். லண்டன் தேசிய உருவப்பட அரங்கு ஒரு பெரிய நன்கொடையை ஏற்றால் தன் கண்காட்சி அங்கே நடக்காது என்றார், 2019இல் அந்தப் பணம் வராமல் போனது. 2021 கடைசியில் மெட்ரோபாலிட்டனின் கூடங்களிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார்கள். 2022 வெனிஸ் கண்காட்சியில் ரஷ்ய அரங்குக்குத் தேர்வான கலைஞர்கள் இருவரும் பொறுப்பாளரும் உக்ரைன் படையெடுப்பைக் கண்டித்து விலகிவிட்டார்கள், கட்டடம் பூட்டியே கிடந்தது. தங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய மேடையைத் தாங்களே விட்டுவிட்டுப் போவது லேசான காரியமா?

கேள்வி: நான் ஓவியம் முறையாகப் படிக்கவில்லை. வன்முறையில் இடம்பெயர்ந்த குடும்பம் எங்களுடையது. அப்பா சொன்னவற்றை வரைய ஆசை, ஆனால் கை சரியாக வராது. வரையலாமா?

உடனே வரையுங்கள். 1974இல் ஹிரோஷிமாவில் 77 வயது முதியவர் ஒருவர் அணுகுண்டு விழுந்த அன்று தான் கண்டதை வரைந்து, என்எச்கே தொலைக்காட்சி நிலையத்துக்குக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். நிலையம் அதைக் காட்டி, மற்றவர்களும் அனுப்பலாம் என்று கேட்டது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேல் வந்து குவிந்தன. வரைந்தவர்களில் பெரும்பாலோர் ஓவியர்கள் இல்லை. மெழுகு வண்ணம், பென்சில், கையில் எது கிடைத்ததோ அது. எந்தப் பாலம், எத்தனை மணி, பக்கத்தில் யார் கிடந்தார் என்று படத்தின் மேலேயே எழுதியிருந்தார்கள். இன்று அவை அங்குள்ள அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நல்ல காகிதம் இல்லையே என்றும் யோசிக்காதீர்கள். 1943 வங்கப் பஞ்சத்தில் ஓவியர் ஜைனுல் ஆபிதீன் கரியிலிருந்து மை காய்ச்சி, பொட்டலம் கட்டும் மலிவுத் தாளில்தான் வரைந்தார். அதே பஞ்சத்தை மேதினிப்பூரில் நடந்தே போய் வரைந்து ஓவியர் சித்தபிரசாத் வெளியிட்ட சிறு நூலின் பிரதிகளை ஆங்கில அரசு பறித்து எரித்தது. தப்பிய பிரதியிலிருந்து பின்னால் மறுபடி அச்சானது.

அப்பாவிடம் இன்றே பேனாவைக் கொடுத்து, முதல் கோட்டை அவரையே போடச் சொல்லுங்கள். வீட்டு வாசல் எந்தத் திசை என்று கேளுங்கள், அங்கிருந்து மற்றது வரும். ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி, ஊர், சொன்னவர் பெயர் எழுதி வையுங்கள். போனில் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். அவர் பேசுவதையும் பதிவு செய்துகொள்ளுங்கள், கேட்டுக்கொண்டே வரையலாம். அவர் “போதும், இதற்குமேல் வேண்டாம்” என்று சொல்லும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அந்தப் பக்கம் காலியாகவே இருக்கட்டும், அதன் பின்னாலும் தேதி போடுங்கள்.